மாலைக்குள் திரும்பிவிடுவேன்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள யோக்யகர்த்தாவில் நான் தங்கியிருந்த விடுதியின் முன்னறையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. காலையில் வெளியே கிளம்பும்போது அறைச் சாவியை அங்கே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். விடுதியை நடத்தும் அம்மா சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கேட்டு அந்த நோட்டில் எழுதிக்கொள்வார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அங்கே பெரிய பெண்களை 'இபு' என்று கூப்பிடுகிறார்கள், நம் ஊரில் அம்மா என்று கூப்பிடுவதைப் போல. அவர் என்னையும் இபு என்றுதான் கூப்பிட்டார். எனக்கு 44 வயது.

முதல் இரண்டு நாள் அந்த நோட்டில் என் பெயருக்கு நேராக எதுவும் இல்லை. நான் எங்கேயும் போகவில்லை.

கரூரில் படுக்கை விரிப்பும் சமையலறைத் துணியும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஹாம்பர்க், ராட்டர்டாம் என்று துறைமுகப் பெயர்களை இன்வாய்ஸில் தட்டித் தட்டி விரல் பழகிவிட்டது. ஆனால் தனியாக நான் போன தூரம் என்று பார்த்தால் சென்னை வரைதான். அங்கேயும் பேருந்து நிலையத்தில் அக்கா வந்து நிற்பார். 2022இல் மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போனாள். வீட்டில் மாலை நேரம் ரொம்ப நீண்டுவிட்டது. தனியாக எங்காவது போய்வர வேண்டும் என்ற ஆசை பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் அந்த வருடம்தான் வந்தது.

என் கணவர் தறி உதிரிப் பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வர முடியாது. "நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றார். சொந்தக்காரர்கள் பலர் பலவிதமாகக் கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "அவ போகணும்னா, போறா."

யோக்யகர்த்தாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் துணி. மெழுகால் வரைந்து சாயம் தோய்க்கும் பாத்திக் கலைக்கு அந்த ஊரும், பக்கத்தில் உள்ள சோலோவும் தாய்வீடு மாதிரி. பணக் கணக்கும் ஒத்து வந்தது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து யோக்யகர்த்தா. போய் இறங்கியதும் 30 நாள் விசா கொடுத்துவிடுகிறார்கள், கட்டணம் 5 லட்சம் ரூபியா. லட்சம் என்றதும் மலைக்க வேண்டாம். நான் போன 2023 ஜூலையில் நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 180 ரூபியா கிடைத்தது.

சரி, முதல் இரண்டு நாள் ஏன் வெளியே போகவில்லை? பிராவிரோதாமான் தெருவில் இருந்த அந்த விடுதியின் வாசலில் நின்றால் எதிரே சாப்பாட்டுக் கடை, அதற்கப்பால் மோட்டார் சைக்கிள்கள் ஆறு மாதிரி ஓடும் சாலை. கடைவரை போனேன். பலாக்காயைத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் விட்டு மணிக்கணக்கில் வேகவைத்த 'குடேக்' வாங்கிச் சாப்பிட்டேன். காசு கொடுக்கும்போது 10,000 நோட்டுக்குப் பதில் ஒரு லட்சம் நோட்டை நீட்டிவிட்டேன். கடைக்காரப் பெண்ணே அதைத் திருப்பிக் கொடுத்துச் சரியான நோட்டை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். நேர்மையான மனுஷி. ஆனால் எனக்குக் கை நடுங்கியது. அறைக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டேன். 'ஏதாவது ஆகிவிட்டால்?' என்ற ஒரே எண்ணம். அந்த 'ஏதாவது' என்ன என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அதற்கு முகமும் இல்லை, அளவும் இல்லை. அதனால்தான் அது அறை முழுக்க நிறைந்திருந்தது.

இரண்டாம் நாள் இரவு கணவரிடம் போனில் அழுதுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "பத்து நாளையும் ஒண்ணாச் சேத்து நெனைக்காத. நாளைக்குக் காலைல போய்ட்டு சாயங்காலம் திரும்பற மாதிரி ஒரு ஊர் இருக்கான்னு மட்டும் பாரு. ஈரோட்டுக்கு சரக்கு எடுக்கப் போய்ட்டு வர்ற மாதிரி. பொழுது சாயறப்ப நம்ம ரூமுக்கு வந்துடுவோம்ல."

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது. அவ்வளவு சின்ன அளவில் அந்தப் பயணத்தை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை நோட்டில் முதல் வரி விழுந்தது: சோலோ, மாலை 6 மணி.

யோக்யகர்த்தாவிலிருந்து சோலோவுக்கு 2021 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 8,000 ரூபியாதான், நம் காசில் 45 ரூபாய்க்குள். ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகும். உள்ளே நம் சென்னைப் புறநகர் ரயில் மாதிரி நீளவாக்கில் இருக்கைகள். துகு நிலையத்தின் கவுண்டரில் இருந்த பெண் எனக்கு ஒரு கார்டு போட்டுக் கொடுத்து, அதை எங்கே வைத்து எடுக்க வேண்டும் என்று எழுந்து வந்து காட்டினார். வண்டி கிளம்பி ஊரைத் தாண்டியதும் இடது பக்கம் வயல்களுக்கு மேலே மெராப்பி எரிமலை தெரிந்தது. உச்சியில் வெள்ளையாக ஒரு புகை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சோலோவில் கிளெவேர் சந்தைக்குப் போனேன். மாடி மாடியாகத் துணிக்கடைகள். 2014 டிசம்பரில் அந்தச் சந்தை தீப்பிடித்து எரிந்து, மறுபடி கட்டியிருக்கிறார்கள். துணிச் சந்தையில் நடப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துணியை விரலில் உரசிப் பார்த்தால் அச்சடித்ததா, கையால் வரைந்ததா என்று கேட்கத் தோன்றும். கேட்க மொழி இல்லை. ஆனால் விரல் உரசுவதைப் பார்த்ததுமே கடைக்காரர்கள் மேலே போட்டிருந்த மலிவுத் துணியை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து வேறு துணியை எடுத்துப் போட்டார்கள். அதற்கப்புறம் லாவெயான் என்ற பழைய பாத்திக் பேட்டை. ஆள் உயரத்துக்கு மேல் மதில்களும் குறுகிய சந்துகளுமாக இருந்தது. ஒரு பட்டறையில் வயதான பெண் ஒருவர் செம்பு மூக்கு வைத்த 'சாந்திங்' என்ற சின்னக் கருவியில் சூடான மெழுகை மொண்டு, வாயால் ஊதி, துணியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை இது. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். அந்த ஒன்றரை மணி நேரமும் பயம் என்ற சொல்லே நினைவில் இல்லை.

திரும்பும்போது ஒரு தவறு செய்தேன். இருட்டிவிட்டது. ஜூலையில் அங்கே ஐந்தரை மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். லெம்புயாங்கான் என்று அறிவிப்பு வந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிட்டேன். வண்டி போன பிறகுதான் தெரிந்தது, நான் இறங்க வேண்டிய துகு அடுத்த நிலையம். மனம் மறுபடி அந்த அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்ளப் பார்த்தது. நடைமேடையில் நின்ற காவலாளியிடம் விடுதியின் விலாச அட்டையை நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, என்னை வெளியே மோட்டார் சைக்கிள் டாக்சிகள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போய், ஓர் ஓட்டுநரிடம் வழி சொல்லி, ஹெல்மெட்டின் வாரை நான் சரியாக மாட்டியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழேகால். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு இபு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டில் 6 என்று எழுதியதன் பக்கத்தில் 7.15 என்று எழுதினார். அப்புறம் ஒரு டம்ளர் சூடான இனிப்புத் தேநீர் கொடுத்தார்.

அன்று இரவு படுத்துக்கொண்டு அதையே நினைத்தேன். வேற்று நாட்டில், இருட்டில், தப்பான நிலையத்தில் இறங்கினால் என்ன ஆகும்? ஒன்றேகால் மணி நேரம் தாமதமாகும். அந்த 'ஏதாவது'க்கு முதன்முதலாக ஓர் அளவு கிடைத்தது.

மறுநாள் அதே ரயிலில், வழியில் இருக்கும் பிரம்பனானுக்குப் போனேன். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். நடுவிலிருக்கும் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். 2006 மே மாத நிலநடுக்கத்தில் அடிபட்டு, மறுபடி செப்பனிட்டது. சுற்றுச் சுவரில் ராமாயணம் கதையாக ஓடுகிறது. படி ஏறி ஒவ்வோர் அறையாகப் பார்த்தேன். வடக்கில் துர்க்கை, மேற்கில் பிள்ளையார். தெற்கு அறையில் தாடியும் தொந்தியுமாக ஒருவர் நின்றார். யார் என்று பக்கத்தில் இருந்த பலகையைப் பார்த்தேன்: அகத்தியர். கரூரிலிருந்து கடல் தாண்டி வந்து, ஓர் இருட்டறையில் குறுமுனியை நேருக்கு நேர் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஊர் முழுக்கக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். கப்பலுக்கு அங்கே 'காப்பல்'. மாங்காய்க்கு 'மங்கா'. வியாபாரத்தில் போடும் முதலுக்கு 'மோடல்'. திரைச்சீலைக்குத் 'திராய்'. நமக்கு முன்னால் யார் யாரோ இந்த வழியே வந்து, பேசி, விற்று, வாங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நினைப்பு எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

இனி ஜோம்ப்ளாங் பற்றிச் சொல்ல வேண்டும்.

விடுதியின் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. இருட்டுக் குகைக்குள் மேலேயிருந்து ஒரு வெளிச்சத் தூண் இறங்குகிறது. அதன் அடியில் எறும்பளவுக்கு ஒரு மனிதர் நிற்கிறார். வந்த நாளிலிருந்தே அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். யோக்யகர்த்தாவுக்குத் தென்கிழக்கே குனுங் கிடுல் என்ற மாவட்டத்தில் இருக்கிறது அந்தக் குகை. அந்தப் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக் கல் பூமி. கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சிகள் மாதிரி குன்றுகள் வரிசை வரிசையாக நிற்கும். 'குனுங் செவு', ஆயிரம் மலை என்று பெயர். மழைநீர் மேலே தங்காமல் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே போய்விடுவதால் பூமிக்கு அடியில் ஆறுகளும் குகைகளும் உண்டாகின்றன. சில இடங்களில் குகையின் கூரை இடிந்து விழுந்து, மேலே ஒரு பெரிய கிணறு மாதிரி வாய் திறந்துகொள்கிறது. ஜோம்ப்ளாங் அப்படிப்பட்ட கிணறு. இறங்கப் படிக்கட்டு இல்லை. கயிற்றில் கட்டி இறக்குவார்கள், சுமார் 60 மீட்டர்.

கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். கேள்வி கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன். இபுவின் உதவியோடு அங்கே ஆள் கூட்டிப்போகும் ஓட்டுநரிடம் ஒரு மணி நேரம் கேட்டேன். யார் இறக்குவார்கள்? எத்தனை பேர்? கயிறு ஒன்றா, இரண்டா? மழை பெய்தால்? என் எடையைத் தாங்குமா? அவர் அலுக்காமல் சொன்னார். இறக்கும்போதும் ஏற்றும்போதும் கயிற்றைப் பிடிப்பது அந்த ஊர் ஆட்கள், பத்துப் பன்னிரண்டு பேருக்குக் குறையாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கட்டணம் 5 லட்சம் ரூபியா, மதியச் சாப்பாட்டோடு. மறுநாள் காலை நோட்டில் ஜோம்ப்ளாங் என்று எழுதிவிட்டு, இபு என் முகத்தைப் பார்த்தார். "ஹாத்தி-ஹாத்தி" என்றார். கவனம் என்று அர்த்தம். ஜோம்ப்ளாங் என்று எழுதியதற்குக் கீழே ஒரு கோடும் போட்டார்.

ஏழு மணிக்குக் கிளம்பி இரண்டு மணி நேரப் பயணம். கடைசிப் பகுதி கல்லும் பள்ளமுமான மண்பாதை. அங்கே ரப்பர் பூட்ஸும் ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். இடுப்பிலும் தொடையிலும் வார்களை மாட்டி, ஒருவர் இறுக்கினார். இன்னொருவர் வந்து அதே வார்களை மறுபடி இழுத்துப் பார்த்தார். இரண்டாவது ஆளும் சரிபார்த்த அந்த நிமிடத்தில் என் வயிற்றுக்குள் இருந்த முடிச்சு பாதி அவிழ்ந்தது. இரண்டிரண்டு பேராக இறக்குகிறார்கள். என்னோடு ஜோடி சேர்ந்தது பாண்டுங்கிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவி. என் மகள் வயது. "இபு, செண்டிரி?" என்று கேட்டாள். தனியாகவா வந்தீர்கள் என்று. வந்ததிலிருந்து நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். கடைக்காரர், ஓட்டுநர், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் பரிவுதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் குற்றம் செய்தவள் மாதிரி என் குரல் இறங்கிவிடும். அன்றும் மெதுவாகத்தான் "ஆமாம்" என்றேன்.

விளிம்பில் மரப்பலகை மேல் உட்கார வைத்தார்கள். கால்கள் வெளியே தொங்கின. கீழே பச்சைப் பசேலென்று மரங்களின் தலைகள். கிணற்றுக்குள்ளே ஒரு காடு. "பெலான்-பெலான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மெதுவாக, மெதுவாக. பலகையிலிருந்து நகர்ந்தேன். உடம்பின் எடை முழுதும் கயிற்றுக்கு மாறும் அந்த ஒரு கணம்தான் கடினம். வார்கள் தொடையில் அழுந்தின. கயிறு 'கிறீச்' என்றது. அப்புறம் எல்லாம் நின்றுவிட்ட மாதிரி அமைதி. பாறைச் சுவர் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. பாசி, வேர்கள், ஒரு பறவைக்கூடு. நான் இறங்குகிறேன் என்றே தோன்றவில்லை. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். பூட்ஸ் சேற்றில் 'சளக்' என்று பதிந்தது.

கீழே பெரணிச் செடிகள் தோளளவு நின்றன. காற்றே வேறாக இருந்தது, ஈர மண்ணும் இலையும் மக்கிய வாசனை. அங்கிருந்து ஒரு சுரங்கம் மாதிரியான குகைவழியில் ஏறத்தாழ 300 மீட்டர் நடக்க வேண்டும். சேறு, கல் பாவிய இடத்தைத் தேடித் தேடிக் கால் வைத்தேன். இரண்டு முறை வழுக்கி உட்கார்ந்தேன். இரண்டாவது முறை யாரும் தூக்கிவிடுவதற்குள் நானே எழுந்துவிட்டேன். தூரத்தில் முதலில் ஓசைதான் வந்தது. பூமிக்கு அடியில் ஓடும் ஆறு. அப்புறம் வெளிச்சம்.

அந்த இடத்துக்குப் பெயர் குருபுக். கூரையில் வட்டமாக ஒரு வாய். அது 90 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றார்கள். பத்து மணியிலிருந்து மதியம்வரைதான் வெயில் நேராக உள்ளே விழும். நான் போனபோது பத்தரை. வெளிச்சம் தூண்களாக இறங்கி, நடுவில் இருந்த வெளுத்த சுண்ணாம்புப் பாறைமேல் விழுந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீர் ஒவ்வொரு துளியாக ஒளியில் பற்றிக்கொண்டு இறங்கியது. நிறையப் பேர் படம் எடுத்தார்கள். நானும் இரண்டு எடுத்தேன். அப்புறம் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். கரூரில் அப்போது காலை ஒன்பது மணி. அலுவலகத்தில் கணினியைப் போட்டிருப்பார்கள். நான் பூமிக்கு அடியில் சேறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே என்னை யாரும் கூட்டிவரவில்லை, நானே கேட்டு, நானே காசு கொடுத்து, நானே இறங்கி வந்திருக்கிறேன் என்ற எண்ணம் மெல்ல மெல்ல உடம்பில் இறங்கியது. பெருமை என்று சொல்லலாமா தெரியவில்லை. பசியாறின மாதிரி இருந்தது.

ஏற்றும்போது மேலே போய்ச் சேர்ந்ததும், வார்களைக் கழற்றிய பிறகும், நான் அங்கேயே நின்று அடுத்த ஜோடியை ஏற்றுவதைப் பார்த்தேன். ஆட்கள் இரண்டு வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறார்கள். நம் ஊரில் தேர் வடம் பிடிப்பதைப் போலத்தான். முன்னால் ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் அடி வைக்கிறார்கள். பெரும்பாலும் அந்த ஊர் விவசாயிகள். அவர்களில் வயதான ஒருவரின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருந்தது. "பெரானி, பு" என்றார். தைரியம்தான் அம்மா உங்களுக்கு. எனக்குத் தெரிந்த நாலைந்து சொல்லில் பதில் சொன்னேன்: "தாக்குத். தாப்பி பிசா." பயம். ஆனால் முடிந்தது. அவர் சிரித்துவிட்டு அதை மற்றவர்களுக்கும் உரக்கச் சொன்னார்.

அந்தக் கயிற்றில் தொங்கியபோது தைரியம் எனக்குள்ளிருந்து மட்டும் வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு முறை வாரைச் சரிபார்த்த கையும், பின்னோக்கி நடந்த அந்தக் கால்களும், பக்கத்தில் பிடித்துக்கொண்ட விரல்களும் அதில் பாதி. தனியாகப் பயணம் செய்கிற பெண் யாரையும் நம்பாமல் இருக்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். யாரை, எதைப் பார்த்து நம்புவது என்று தெரிந்துகொண்டது எனக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பாக இருந்தது.

மறுநாள் ஓய்வு. அதற்கடுத்த நாள் மெராப்பியின் தென்சரிவில் ஜீப்பில் ஒரு சுற்று. 2020 நவம்பரிலிருந்து எச்சரிக்கை மூன்றாம் நிலையில் இருந்ததால் மேலே ஏற அனுமதி இல்லை. 2010 வெடிப்பில் எரிந்த வீடுகளையும் உருகிப்போன பாத்திரங்களையும் பார்த்துவிட்டு வந்தேன். அந்த மலையின் காவலராக இருந்த முதியவர் எம்பா மரிஜான் ஊரைவிட்டு வர மறுத்து அக்டோபர் 26 அன்று அங்கேயே இறந்தார். அதைக் கேட்ட பிறகு அன்று முழுக்க அதிகம் பேசத் தோன்றவில்லை.

எட்டாம் நாள் திமாங் கடற்கரை. இதுவும் குனுங் கிடுலில்தான், தென்கோடியில். கரையிலிருந்து சற்று தள்ளிக் கடலுக்குள் ஒரு பாறைத்தீவு. சிங்கி இறால் பிடிக்க அந்தப் பாறைக்குப் போக மீனவர்கள் மரத்தில் ஓர் இருக்கை செய்து, கயிற்றில் தொங்கவிட்டு, கையால் இழுத்துப் போய்வந்தார்கள். இப்போது பயணிகளும் அதில் போகிறார்கள். கிளம்பும்போது ஓட்டுநர் என் துப்பட்டாவைக் காட்டித் தயங்கினார். பச்சை நிறம். தென்கடலின் அரசியான நியி ரோரோ கிடுலுக்கு உரிய நிறம் பச்சை, அதை அணிந்து அந்தக் கடலுக்குப் போகக் கூடாது என்பது ஜாவா மக்களின் நம்பிக்கை. உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தேன். கன்னியாகுமரியில் நான் கும்பிட்டு நின்ற அதே இந்துமாக்கடல்தானே.

அன்று காற்று பலமாக இருந்தது. அலை பாறையில் மோதி எழும்பிய நீர், தொங்கும் இருக்கையை முழுக்க நனைத்துவிட்டு இறங்கியது. போனவர்கள் கூச்சலும் சிரிப்புமாகத் திரும்பி வந்தார்கள். நான் முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன். ஜோம்ப்ளாங்கில் நான் பயந்ததெல்லாம் போவதற்கு முன்னால்தான். கயிற்றையும் ஆட்களையும் பார்க்கப் பார்க்கப் பயம் குறைந்தது. இங்கே நேர்மாறு. வரும்போது பயமே இல்லை. நின்று பார்க்கப் பார்க்கக் கூடிக்கொண்டே போனது. ஒவ்வோர் அலைக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று எண்ணினேன். ஒரே அளவாக இல்லை. அந்த ஆட்கள் திறமைசாலிகள், தினமும் செய்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றைய கடலை எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றேன். ஓட்டுநர் இரண்டு முறை கேட்டார், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று. இரண்டாவது முறையும் வேண்டாம் என்றேன். முன்பெல்லாம் எதிரே நிற்பவர் முகம் வாடும் என்பதற்காகவே எத்தனையோ விஷயத்துக்கு நான் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். அன்று யாருக்கும் காரணம் விளக்காமல் ஓர் இளநீர் வாங்கிக் குடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஜோம்ப்ளாங்கில் இறங்கியதைவிட அந்த இளநீர்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

இரவு போனில் கணவரிடம் சொன்னேன். "போகாம வந்துட்டேன்ங்க." "உனக்குத் தோணலைன்னா சரிதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கு அழுதப்ப இருந்த கொரல் இது இல்ல" என்றார்.

கடைசி நாளுக்கு என்னிடம் திட்டம் இல்லை. பெரிங்ஹார்ஜோ சந்தையில் கோடு கோடாக நெய்த ஒரு பருத்தித் துணியைப் பார்த்திருந்தேன். 'லூரிக்' என்று பெயர். சாயம் தோய்த்த நூலில் கோடுகள் வரும்படி கைத்தறியில் நெய்வது. எங்கே நெய்கிறார்கள் என்று கேட்டதற்குக் கடைக்காரர் 'கிளாத்தேன், பெடான்' என்றார். கிளாத்தேன் சோலோ ரயிலில் வரும் ஒரு நிலையம். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இபுவிடம் சாவியைக் கொடுத்து, "கிளாத்தேன். அப்புறம் கேட்டுக்கொண்டு போவேன்" என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் கிளாத்தேன் என்று எழுதி, மணிக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, நோட்டை மூடினார்.

கிளாத்தேனில் இறங்கி மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம் போயிருப்பேன். பெடானில் ஒரு சந்து முனையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பலகை எதுவும் இல்லை. ஆனால் 'டக்-டடக், டக்-டடக்' என்று சத்தம் வந்தது. சின்ன வயதில் எங்கள் தாத்தா வீட்டில் தூங்கியதும் எழுந்ததும் அந்தச் சத்தத்தில்தான். ஓட்டுநரிடம் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஓடு வேய்ந்த கொட்டகை, உள்ளே ஏழெட்டுத் தறிகள். பாவு, அச்சு, விழுது, மிதி எல்லாம் எனக்குத் தெரிந்த இடத்தில் இருந்தன. நெய்பவர்களில் பாதிப்பேர் பாட்டிமார்கள். வாசலில் நின்று கும்பிட்டேன். வா என்று தலையசைத்தார்கள்.

மூலையில் ஒரு பெண் ராட்டையில் ஊடை நூலைத் 'தார்' என்ற சின்னக் குழலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழை அறுந்தது. அவர் குனிவதற்குள் என் கை போய்விட்டது. இரண்டு முனையையும் எடுத்து, விரலால் முறுக்கி, முடிந்தேன். எட்டு வயதில் பாட்டி சொல்லிக்கொடுத்த முடிச்சு. அவர் முடிச்சைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து தன் பலகையைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். சக்கரம் நம் ஊர் ராட்டையைவிடக் கொஞ்சம் கனம். இரண்டு தார் சுற்றிய பிறகு கை பழகிவிட்டது. யாரோ தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். முன்தறியில் இருந்த பாட்டி நாடாவை நிறுத்திவிட்டுத் திரும்பி, "செண்டிரி?" என்று கேட்டார்.

"ஆமாம், செண்டிரி" என்று சொல்லிவிட்டு அடுத்த தாரை எடுத்தேன்.